வேடு கட்டின குடம்

ஜூன் 3, செவ்வாய்

ஆறு நாளைக்கு ஒரு தடவைதான் தண்ணி. இன்றைக்கு எங்கள் பி பிளாக் முறை. காலையில் மூன்று குடமும் ஒரு வாளியுமாகக் கீழே இறங்கினால், சம்ப்புத் தொட்டிக்குப் பின்னால் இருக்கிற காம்பவுண்டுச் சுவர் முன்னால் ஒரே கூட்டம். தண்ணி வந்துவிட்டதாக்கும் என்று ஓடினேன். தண்ணி இல்லை, படம்.

நீலப் பெயிண்டில் மூன்று குடம் வரிசையாக நடந்து போகிறது. ஒவ்வொன்றுக்கும் ரெண்டு கால். முதல் குடத்துக்குக் காது வரைக்கும் மீசை. எங்கள் குடியிருப்போர் சங்கத் தலைவர் ஆவுடையப்பன் சார் என்று பால் வாங்க வந்த சின்னப் பிள்ளை கூடச் சொல்லிவிடும். ரெண்டாவது குடம் போனைக் காதில் இடுக்கிக்கொண்டு நடக்கிறது, அது மளிகைக் கடை செல்வராஜ். மூன்றாவதுக்கு நைட்டி, தோளில் துண்டு. அது தான்தான் என்று இந்த பிளாக்கில் பதினெட்டுப் பேர் சண்டைக்கு வந்தார்கள்.

என் குடம் இல்லை. நல்லவேளை. சங்கச் செயலாளர் என்ற மரியாதை இருக்கும்போல.

"வெள்ளையடிங்க. இன்னைக்கே" என்றார் ஆவுடையப்பன் சார். எனக்கும் கோபம்தான். நாங்கள் காசு கொடுத்து சுண்ணாம்பு அடிப்போம், எவனோ வந்து கிறுக்கிவிட்டுப் போவானா?

ஜூன் 5, வியாழன்

வெள்ளையடித்தாயிற்று. பளிச்சென்று இருக்கிறது.

ஜூன் 6, வெள்ளி

பளிச்சென்று இருந்த இடத்தில் ஏழு குடம்.

ஜூன் 8, ஞாயிறு

சங்கக் கூட்டம். வழக்கம்போல வீட்டு ஓனர்களுக்கு நாற்காலி, வாடகைக்கு இருப்பவர்கள் படிக்கட்டில் நின்று கேட்கலாம், பேசக் கூடாது. ஒன்பது வருஷமாக நான் செய்கிற வேலை மினிட் புக் எழுதுவது. தபால் ஆபீஸ் கவுண்டரில் இருபத்திரண்டு வருஷமாக எழுதி எழுதி என் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும், அதற்காகத்தான் என்னைச் செயலாளர் ஆக்கினார்கள்.

பி பிளாக்குக்குத் தண்ணி நூலாக வருகிறதே என்று ஒருவர் கேட்டார். "சம்ப்புல தண்ணி கம்மி, என்ன செய்யச் சொல்லுதீய?" என்றார் தலைவர். சம்ப்பில் தண்ணி நிறைய இருக்கிறது. எங்கள் முறை நாளில் மோட்டார் போட்டதும் அவர் வால்வைத் தான் குடியிருக்கிற ஏ பிளாக் பக்கம் திருப்பி, முக்கால் மணி நேரம் விட்டுத்தான் எங்கள் பக்கம் விடுவார். என் அடுக்களை ஜன்னலில் நின்றால் அப்படியே தெரியும். ஒன்றரை வருஷமாகப் பார்க்கிறேன்.

மினிட் புக்கில் "குடிநீர் குறித்து விவாதிக்கப்பட்டது" என்று எழுதினேன்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். "சொல்ல வேண்டியதுதானே" என்றார் என் வீட்டுக்காரர். நமக்கெதற்கு வம்பு. தினமும் முகத்தில் முழிக்கிற மனுஷன்.

ஜூன் 10, செவ்வாய்

என் குடமும் வந்துவிட்டது.

மூக்குக்கண்ணாடி போட்டு, கழுத்தில் பேனா செருகி, கக்கத்தில் ஒரு நோட்டு. அதோடு விட்டிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். தண்ணி வடிகட்ட வேட்டித் துணியால் குடத்து வாயில் வேடு கட்டுவோமே, அது மாதிரி என் குடத்து வாயில் துணியை இறுக்கிக் கட்டி, முடிச்சும் போட்டிருக்கிறது. மற்ற குடமெல்லாம் வாயைத் திறந்து என்னவோ பேசுகிறது. இது மட்டும் எழுதுகிறது.

பிளாக்கே சிரித்தது. வீட்டுக்காரர் முதுகைத் திருப்பிக்கொண்டு சிரித்தார், அவர் தோள் குலுங்குவது எனக்குத் தெரியாதாக்கும். ஆபீசில் ஒரு மணியார்டரில் ஊர் பெயரை மாற்றி எழுதிவிட்டேன். அப்படி எரிச்சல். யார் என்று தெரிந்தால் கன்னத்தில் ஒன்று வைப்பேன்.

வைக்கத்தான் வேண்டும். ஆனால் பொய்யாக ஒன்றும் வரையவில்லையே என்றும் இருக்கிறது. அதுதான் கூடுதல் எரிச்சல்.

ஜூன் 12, வியாழன்

ஐந்தே முக்காலுக்கே எழுந்துவிட்டேன். வாசல் தெளித்தேன். கோலம் போட்டேன். வேறொன்றும் இல்லை.

எட்டு மணிக்குப் பெரிய களேபரம். குடங்களுக்குப் பக்கத்தில், கறுப்புப் பெயிண்டில், சாணளவு எழுத்தில் ஒரு வரி:

"பி பிளாக் முறை நாளில் வால்வை ஏ பிளாக்குக்குத் திருப்புவது யார், தலைவரே?"

ஆவுடையப்பன் சார் முகம் செத்துப்போய்விட்டது. "எவன்லே இது!" என்று நின்ற இடத்திலேயே கத்தினார். பி பிளாக்காரர்கள் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். "கேட்டதுல என்ன தப்பு?" என்று ஒரு குரல். இத்தனை நாள் எங்கே இருந்தது அந்தக் குரல்?

எழுத்து அழகாகத்தான் இருந்தது. படித்தவர்கள் யாரோ எழுதியிருக்க வேண்டும்.

நகக்கண்ணில் கறுப்பு போகவே மாட்டேனென்கிறது. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தேன். "வாசல் கேட்டுக்கு அடிச்ச பெயிண்டு டப்பாவுல பாதிதான் இருக்கு" என்றார் வீட்டுக்காரர். "ஆவியாப் போயிருக்கும்" என்றேன். அவர் டப்பாவை மூடிப் பரணில் வைத்தார். மனுஷன் நல்லவர்.

ஜூன் 14, சனி

தலைவர் வீட்டுக்குக் கூப்பிட்டார். வாசலிலேயே நாற்காலி போட்டார். "செண்பகவல்லி, போலீசுக்கு மனு எழுதுங்க. குடம் கிடக்கட்டும், அந்த ஒரு வரி எழுதினவன் கம்பி எண்ணணும்."

எழுதினேன். "பெறுநர், காவல் ஆய்வாளர் அவர்கள்" என்று ஆரம்பித்துக் கீழே என் கையெழுத்து, சங்க முத்திரை. முதல் தாளில் எழுத்துத் தப்பி, இன்னொரு தாளில் எழுதினேன். வெயில்.

வெளியே வரும்போது செல்வராஜ் கடை கேமராவைப் போட்டுக் காட்டினார்; கடை பூட்டியிருந்தால் அது ஓடாது. ஒன்பதாம் தேதி சாயங்காலம் ஆறே காலுக்கு, கையில் பெயிண்ட் டப்பாவோடு சம்ப்புப் பக்கம் போகிறது ஒரு பெண். பின்னல் ரெண்டையும் மடித்துக் கட்டியிருக்கிறது. எங்கள் மூன்றாம் மாடிப் பேச்சி. ஆட்டோ ஓட்டுகிற மாடசாமி மகள். வயசு பத்தொன்பது.

எவனோ எவனோ என்று நாங்கள் தேடினது ஒரு பொட்டப்பிள்ளையை.

ஜூன் 16, திங்கள்

பேச்சியை ஸ்டேஷனில் வைத்துக் கேட்டிருக்கிறார்கள். "குடம் எல்லாம் நான்தான் வரைஞ்சேன். அந்த எழுத்து நான் இல்ல" என்றாளாம். "அப்ப யாரு?" "தெரியாது." நம்புகிற ஆளா அவர்கள்? மனுவுக்கு ரசீது போட்டாயிற்று. அடுத்த திங்கட்கிழமை தலைவரும் செயலாளரும் வந்தால் கேஸ் பதிவதா வேண்டாமா என்று முடிவு பண்ணுவார்களாம்.

ஆபீசில் இன்று கூட்டமில்லை. தலைவலி.

ஜூன் 17, செவ்வாய்

பேச்சியின் அம்மா சொர்ணம் வந்தாள். பீடி சுற்றுகிற கை, விரல் நுனியெல்லாம் இலைப் பச்சை. உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை.

"மயினி, அவ போலீசு வேலைக்கு எழுதினது உங்களுக்குத் தெரியும்லா. பரீச்சை பாஸு. ஓட்டம் பாஸு. இனி அக்கம்பக்கத்துல விசாரிக்க வாற வெரிபிகேஷன் ஒண்ணுதான். இப்ப ஒரு கேஸு விழுந்தா எல்லாம் கோவிந்தா. ரெண்டு வருஷமா வெள்ளன எந்திச்சு ஓடுதா மயினி. மனு எழுதினது நீங்கதான. நீங்களே வாபஸ் வாங்குங்க."

"தலைவர் சொல்லணுமே சொர்ணம்" என்றேன்.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் படியேறிப் போனாள். சாம்பாரில் உப்பு அதிகம் என்று வீட்டுக்காரர் மேல் எரிந்து விழுந்தேன். சமைத்தது நான்தான்.

ஜூன் 18, புதன்

சாயங்காலம் துணி எடுக்க மொட்டைமாடிக்குப் போனால் பேச்சி அங்கே தண்டால் எடுத்துக்கொண்டிருந்தாள். கேஸ் விழப்போகிறது, இது தண்டால் எடுக்கிறது.

"ஏட்டி, போலீசாகப் போறவ சுவத்துல கிறுக்கலாமா?"

"கிறுக்கல அத்தை, வரைஞ்சேன்."

"வாய் மட்டும் குறைச்சல் இல்ல. சொல்லணும்னா கூட்டத்துல வந்து சொல்லணும்."

எழுந்து உட்கார்ந்தாள். "போன வருஷம் சொன்னேனே. தண்ணி நிரம்ப மாட்டேங்குன்னு. 'வாடகைக்காரங்க படியில நில்லுங்க, பேசப்படாது'ன்னாவ. நீங்க பக்கத்துலதான் இருந்தீய. நான் சொன்னதை நீங்க எழுதக்கூட இல்ல. கூட்டத்துல பேச வீட்டு ஓனரா இருக்கணும். சுவத்துக்கு அதெல்லாம் வேண்டாம் அத்தை. வரைஞ்ச அன்னைக்கு அத்தனை பேரும் நின்னு பாத்தாவ. எங்க அப்பா கூட, நான்தான்னு தெரியாம, 'எவனோ நல்லா வரைஞ்சிருக்காம்'ன்னு சொன்னாவ."

"என் வாயில ஏன்ட்டி வேடு கட்டின?"

தலையைக் குனிந்துகொண்டாள். "உங்க மேல எனக்கு மரியாதை உண்டு அத்தை. அதனாலதான் கோவம்."

வெரிபிகேஷன் என்ன ஆகும் என்று கேட்டேன். "போயிட்டுன்னா போயிட்டு" என்றாள். சொல்லும்போது உதடு கோணிவிட்டது. குழந்தைதானே. நான் துணியை எடுக்காமலே இறங்கி வந்துவிட்டேன்.

ஜூன் 19, வியாழன்

எழுதிவிடுகிறேன். இந்த நோட்டிலாவது.

நான்தான். பன்னிரண்டாம் தேதி காலையில், கோலம் போடுவதற்கு முன்னால், கேட் பெயிண்டை எடுத்துக்கொண்டு போய் நான்தான் எழுதினேன். அந்தக் குடத்தைப் பார்த்த கோபத்தில், 'எனக்கா வேடு கட்டுகிறாய்' என்று போய் எழுதினேன். எழுதும்போது எப்படி இருந்தது தெரியுமா! பதினாறு வயசு ஆனமாதிரி இருந்தது. சிரிப்பு சிரிப்பாக வந்தது.

இப்போது சிரிப்பு வரவில்லை. சொன்னால் போலீசார் என் தபால் ஆபீசுக்கு எழுதுவார்கள், ஆபீசில் மெமோ வரும், தலைவர் முகத்தில் முழிக்க முடியாது. சொல்லாவிட்டால் அந்தப் பெண்ணின் வேலை போகும். சுவரில் எழுதினது நான், மனு எழுதினது நான். நடுவில் அவள் மாட்டிக்கொண்டு நிற்கிறாள். சீ.

ஜூன் 20, வெள்ளி

நேரே சொல்லாமல் சமாளிக்கலாமா என்று தலைவர் வீட்டுக்குப் போனேன். "சார், சின்னப்பிள்ளை, மனுவை வாபஸ் வாங்கிடுவோம்" என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். மணி அடித்தும் யாரும் வரவில்லை, கதவு திறந்திருந்தது. உள்ளே போனேன்.

கூடத்தில் கட்டில். அவர் சம்சாரம் மீனாட்சி அக்கா படுத்திருந்தார்கள். முதுகு வலி என்றுதான் எங்களிடம் சொல்லியிருந்தார். முதுகு வலி இல்லை. ஒரு பக்கம் கையும் காலும் விழுந்து ஒன்றரை வருஷம். கொடி பூராவும் விரிப்பு காய்கிறது. ஆவுடையப்பன் சார் வேட்டியை மடித்துக் கட்டி, குளியலறையில் குத்தவைத்துத் துணி அலசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையை வேட்டியில் துடைத்தார்.

"ஒரு நாளைக்கு நாலு விரிப்பு. வேலைக்கு வந்த பொம்பள நின்னுட்டா" என்றார். "யாருட்டயும் சொல்ல வேண்டாம். அவளுக்குப் பிடிக்காது."

தண்ணி எங்கே போனது என்று புரிந்துவிட்டது. மனு பற்றி வாயைத் திறக்க முடியவில்லை. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் வீட்டுக்கு ரெண்டு குடம் கொடுத்திருக்க மாட்டோமா? அவர் கேட்கவில்லை. நாங்களும் அவரை என்ன ஏது என்று கேட்கவில்லை. இந்தக் காலனியில் எல்லோருக்கும் வாய்தான் பிரச்சினை.

ஜூன் 22, ஞாயிறு

கூட்டம். முதல் வேலையாகப் போன மினிட்டை நான் வாசிக்க வேண்டும். வாசித்தேன். முடிந்ததும் உட்காராமல், காலையிலேயே எழுதி வைத்திருந்ததையும் அதே குரலில் வாசித்தேன்.

"ஜூன் பன்னிரண்டாம் தேதி சம்ப்புச் சுவரில் தலைவரைக் குறித்து எழுதியது செயலாளர் செண்பகவல்லி. பேச்சிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்பது பதிவு செய்யப்படுகிறது."

நாற்காலிகளெல்லாம் என் பக்கம் திரும்பின. யாரோ, "நம்ம செண்பகம் மயினியா!" என்றார்கள். படிக்கட்டில் சொர்ணம் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"ஒன்பது வருஷமா என் பக்கத்து நாற்காலி" என்றார் ஆவுடையப்பன் சார். கோபத்தைவிட அவருக்கு அதுதான் தாங்கவில்லை. "எங்கிட்ட நேரா ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"கேக்கல சார். தப்புதான். மனுவுல அந்தப் பிள்ளையை மாட்டிவிட்டது அதைவிடப் பெரிய தப்பு. எனக்கு என்ன தண்டனையோ கொடுங்க." அழக்கூடாது என்றிருந்தேன். அழுதுவிட்டேன்.

சத்தம் கிளம்பிவிட்டது. செயலாளரை நீக்கு என்று ஏ பிளாக். வால்வுக்குப் பதில் சொல்லு என்று பி பிளாக். தலைவர் கையைத் தூக்கி எல்லோரையும் அமர்த்தினார். பிறகு எழுந்து, "வால்வைத் திருப்பினது நான்தான்" என்றார். மீனாட்சி அக்காவைப் பற்றி அவரே சொன்னார். ரெண்டே வரி. சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு யாருக்கும் சத்தம் போட மனசு வரவில்லை.

ஜூன் 23, திங்கள்

ஸ்டேஷன். அவர் தனியாக வந்தார், நான் தனியாகப் போனேன். ஏட்டையா மனுவை எடுத்தார், என்னைப் பார்த்தார், மறுபடி மனுவைப் பார்த்தார்.

"மனுதாரரும் நீங்க, குற்றவாளியும் நீங்களா? முப்பது வருஷ சர்வீஸ்ல இது முதல் தடவைம்மா."

இன்ஸ்பெக்டர் வந்து ஒரு டோஸ் விட்டார். வாங்கிக்கொண்டேன். பிறகு தலைவரிடம் திரும்பி, கேஸ் வேண்டுமா என்றார். ஆவுடையப்பன் சார், "வேண்டாம். அந்த வரியை இந்தம்மாவே வெள்ளையடிச்சு அழிச்சுக் கொடுக்கட்டும்" என்றார். மனு முடித்துவைக்கப்பட்டது என்று எழுதினார்கள். வெளியே வந்து என் பக்கம் பார்க்காமலே ஸ்கூட்டரை உதைத்துக் கிளம்பிவிட்டார்.

ஜூன் 25, புதன்

செயலாளர் பதவி போயிற்று. மினிட் புக்கைக் கொடுத்துவிட்டேன்.

அந்த வரிக்கு வெள்ளையடிக்க மட்டையும் வாளியுமாகப் போனேன். பேச்சி இன்னொரு மட்டையோடு வந்து நின்றாள்.

"நீ ஏன்ட்டி? தண்டனை எனக்கு."

"ஒத்தையில அடிச்சா கை வலிக்கும் அத்தை உங்களுக்கு." அடித்துக்கொண்டே, ரொம்பச் சாதாரணமாகச் சொன்னாள், "எழுதும்போது பாத்தேன். ஓடப் போகையில. இந்தா, இந்தக் கடைசிக் கேள்விக்குறி போட்டுக்கிட்டு இருந்தீய. நாக்கைக் கடிச்சுக்கிட்டு."

எனக்கு மட்டை கையிலிருந்து நழுவிவிட்டது. "ஸ்டேஷன்ல தெரியாதுன்னு சொன்னியே! சொல்லியிருந்தா அன்னைக்கே தப்பிச்சிருப்பியேட்டி!"

"உங்களுக்கும் கவர்மெண்டு வேலைலா" என்றாள். "அதோட நீங்க வாயைத் திறந்ததே இப்பதான். அதுக்குள்ள காட்டிக் கொடுக்க மனசு வரல."

கட்டிப்பிடித்துக்கொண்டேன். ரெண்டு பேர் மேலும் சுண்ணாம்பு.

ஜூலை 6, ஞாயிறு

இனிமேல் கூட்டத்தில் வாடகைக்காரர்களும் பேசலாம் என்று தீர்மானம். ஏ பிளாக்கில் ரெண்டு பேர் ஒத்துக்கொள்ளவில்லை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனார்கள். போகட்டும். மீனாட்சி அக்கா வீட்டுக்கு தினம் நாலு குடம், மாடிக்கு மாடி முறை வைத்து. இன்றைக்கு என் முறை. கொண்டுபோய் வைத்தேன். ஆவுடையப்பன் சார் "வைங்க" என்றார். பதினாலு நாளைக்குப் பிறகு என்னிடம் முதல் வார்த்தை.

சுவரில் குடங்களை அழிக்கவா வைக்கவா என்று ஓட்டெடுத்தார்கள். வைக்கச் சொல்லி ஐந்து ஓட்டு கூடுதல். தன் நைட்டிக்குப் பூப்போட வேண்டும் என்று பேச்சியிடம் மூன்று பேர் சிபாரிசுக்கு நிற்கிறார்கள்.

ஜூலை 18, வெள்ளி

வெரிபிகேஷன். காலை பத்து மணிக்கு ஒரு போலீஸ்காரர் ஃபைலோடு வந்து, அக்கம்பக்கத்தில் சொந்தக்காரர் அல்லாத ரெண்டு பேர் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார். மாடசாமி ஆட்டோவை எடுக்காமல் வாசலில் நிற்கிறார். சொர்ணம் பீடித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பீடிகூடச் சுற்றவில்லை. நான் ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டுப் போய் நின்றேன்.

"உங்களுக்கு எத்தனை வருஷமாத் தெரியும்?"

"பாவாடை கட்டின நாள்லயிருந்து."

"சுவத்துல எழுதினதா ஒரு மனு வந்து முடிஞ்சிருக்கே. அது என்ன?"

சொர்ணத்தின் கண் என் மேலேயே இருந்தது. "எழுதினது நான் சார். மனு கொடுத்ததும் நான். இந்தப் பிள்ளை வரைஞ்சது படம், அது இன்னைக்கும் அங்கதான் இருக்கு. குடியிருக்கிறவங்க ஓட்டுப் போட்டு வச்சிருக்கோம்."

அவர் போய்ப் பார்த்தார். திரும்பி வரும்போது வாயைக் கையால் மூடிக்கொண்டிருந்தார். பிறகு முகத்தைச் சரிபண்ணிக்கொண்டு, "பொண்ணு உண்மை பேசுற பொண்ணுதானே?" என்றார்.

எனக்குத் தெரிந்து அவள் வாழ்க்கையில் போலீசிடம் ஒரு பொய் சொல்லியிருக்கிறாள். அது எனக்காக. பேச்சி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இவளை நம்பி வீட்டுச் சாவியைக் கொடுப்பேன் சார்" என்றேன்.

"அப்ப அதையே எழுதிக் கொடுங்க."

எழுதினேன். இருபத்திரண்டு வருஷத்தில் எத்தனையோ எழுதியிருக்கிறேன், இவ்வளவு நிதானமாக எழுதினதில்லை. இன்னும் ஒரு ஆள் வேண்டும் என்று அவர் சுற்றிப் பார்க்கையில், ஏ பிளாக் படியிறங்கி ஆவுடையப்பன் சார் வந்தார். கை ஈரம். வேட்டியில் துடைத்துக்கொண்டு என்னிடம் பேனாவைக் கேட்டார்.

நான் எழுதினதை முழுக்கப் படித்தார். "கீழ பேர் போடலியே நீங்க" என்றார்.

பதற்றத்தில் மறந்திருக்கிறேன். பேப்பரை வாங்கி, இனிஷியலோடு என் பெயரை முழுசாக எழுதி, வீட்டு நம்பரும் போட்டேன். அதற்கு நேர் கீழே அவர் தன் பெயரை எழுதினார்.